வோல்ட், ஆம்பியர், வாட்: சூத்திரம் சரி, கணக்கு எங்கே தப்புகிறது?

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, பெருக்கினால் திறன். பள்ளிப் பாடம் இவ்வளவுதான். ஆனாலும் இந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு வீட்டு மின்சாரம் பற்றிச் சொல்லப்படும் பல முடிவுகள் தலைகீழாக இருக்கின்றன. பெருக்கல் வகுத்தலில் யாரும் தவறுவதில்லை. எது மாறாமல் நிற்கிறது என்று பார்க்காமல் கணக்குப் போடுவதுதான் கோளாறு.

நம்பிக்கை 1: மின்தடை கூடக்கூடச் சூடும் கூடும்.

உண்மை: வீட்டு பிளக் பாயிண்டில் நேர்மாறு. அங்கே 230 வோல்ட் ஏறத்தாழ மாறாமல் நிற்கிறது. அதனால் திறன் என்பது வோல்ட்டின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்த ஈவு. 2000 வாட் வாட்டர் ஹீட்டரின் மின்தடை சுமார் 26 ஓம். 1000 வாட் காயிலுக்கு 53 ஓம். மின்தடை பாதியானால் சூடு இரட்டிப்பு. அறுந்த காயில் அடுப்புக் கம்பியின் கருகிய முனையை வெட்டிவிட்டு, மீதியை இழுத்து மாட்டினால் முன்பைவிட அதிகமாகத் தகிப்பது இதனால்தான். 1000 வாட் காயிலில் ஐந்தில் ஒரு பங்கு நீளம் போனால் அது 1250 வாட் காயிலாகிவிடும். கொஞ்ச நாளில் மறுபடியும் அறுந்துபோவதற்கும் அதுவே காரணம்.

நம்பிக்கை 2: மின்தடை என்பது வோல்ட் வகுத்தல் ஆம்பியர். ஆகவே வோல்டேஜை ஏற்றினால் மின்தடையும் ஏறும்.

உண்மை: வகுத்தல் நாம் அளந்தறியும் வழி மட்டுமே. கம்பியின் மின்தடையை முடிவுசெய்பவை அதன் உலோகம், நீளம், பருமன், வெப்பநிலை ஆகிய நான்கும்தான். ஜெர்மனியைச் சேர்ந்த கியோர்க் சைமன் ஓம் 1827-இல் வெளியிட்ட நூலின் சாரமும் இதுவே: வெப்பநிலை மாறாதவரை, வோல்ட் ஏறும் அதே விகிதத்தில் கரண்டும் ஏறும், ஈவு அப்படியே நிற்கும்.

நம்பிக்கை 3: மல்டிமீட்டரில் ஓம் பார்த்தால் எந்தப் பொருளின் வாட்டையும் சொல்லிவிடலாம்.

உண்மை: 60 வாட் குண்டு பல்பை மீட்டரில் வைத்துப் பாருங்கள். 60, 70 ஓம் அளவில்தான் காட்டும். அதை வைத்துக் கணக்கிட்டால் 800 வாட் அளவில் வரும்! மீட்டரும் பொய் சொல்லவில்லை, பல்பின் மேல் அச்சிட்டதும் பொய்யில்லை. நாம் அளந்தது ஆறிய டங்ஸ்டனை. எரியும்போது அந்த இழை 2000 டிகிரிக்கு மேல் சூடேறி, மின்தடை 880 ஓம் வரை உயர்கிறது. சுவிட்சைப் போடும் கணத்தில் பழைய பல்புகள் பட்டென்று போவதும் இதனால்தான்: ஆறிய இழை அந்த நொடியில் பல மடங்கு கரண்டை இழுக்கிறது. அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் காயில்களில் இருக்கும் நைக்ரோம் கம்பி இவ்வளவு மாறுவதில்லை. அவற்றுக்கு மீட்டர் கணக்கு ஓரளவு பொருந்தும். எதை அளந்தாலும் பிளக்கைப் பிடுங்கிய பிறகே ஓம் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை 4: லோ வோல்டேஜில் கரண்ட் பில் குறையும்.

உண்மை: 2000 வாட் ஹீட்டருக்கு 180 வோல்ட் மட்டும் வந்தால் அது 1225 வாட்தான் எடுக்கும். ஆனால் 25 டிகிரியில் இருக்கும் 15 லிட்டர் தண்ணீரை 55 டிகிரிக்குக் கொண்டுவர அரை யூனிட்டுக்குச் சற்று மேல் வேண்டும். அது வோல்டேஜைப் பார்த்துக் குறையாது. 16 நிமிடத்தில் முடிய வேண்டியது 26 நிமிடமாகும், அவ்வளவே. தண்ணீர் இறைக்கும் மோட்டாரின் கதை வேறு. இழுக்க வேண்டிய பளு குறையாததால், வோல்டேஜ் விழும்போது அது கூடுதல் கரண்டை இழுத்து வைண்டிங்கைச் சுட்டுக்கொள்கிறது. அங்கே லாபம் ஏதுமில்லை, ரீவைண்டிங் செலவுதான் மிச்சம்.

நம்பிக்கை 5: கிளாம்ப் மீட்டர் காட்டும் ஆம்பியரை 230-ஆல் பெருக்கினால் வாட்.

உண்மை: ஹீட்டருக்கு ஆம், மோட்டாருக்கு இல்லை. ஏசி மின்சாரத்தில் மோட்டாரின் கரண்ட், வோல்டேஜுக்குப் பின்தங்கி வருகிறது. 5 ஆம்பியர் இழுக்கும் மோட்டாரில் பெருக்குத்தொகை 1150. அது வோல்ட்-ஆம்பியர். பவர் ஃபேக்டர் 0.8 என்றால் உண்மையான திறன் 920 வாட்தான். இன்வெர்ட்டரின் மேல் விஏ என்று போட்டிருக்கும் எண்ணை வாட் என்று நம்பி லோடு ஏற்றினால் ட்ரிப் ஆவதும் இதனால்தான்.

நம்பிக்கை 6: கன்வர்ட்டர் பிளக் போட்டால் ஹீட்டரை எந்த சாக்கெட்டிலும் சொருகலாம்.

உண்மை: 2000-ஐ 230-ஆல் வகுத்தால் 8.7 ஆம்பியர். சின்ன சாக்கெட் தாங்குவது 6. போதாததற்கு, தளர்ந்த பின்னில் அரை ஓம் மின்தடை இருந்தால் என்ன ஆகும்? அங்கே பாயும் கரண்டை முடிவுசெய்வது ஹீட்டர். ஆகவே பின்னைப் பொறுத்தவரை மாறாமல் நிற்பது கரண்ட். அதன் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் 38 வாட். சால்டரிங் அயர்னே 25 வாட்தான். முதல் நம்பிக்கை பொய்த்தது வோல்டேஜ் மாறாத இடத்தில். கரண்ட் மாறாத இந்த இடத்தில் அதுவே உண்மையாகிறது. அதனால் பிளக் கருகினால் ஹீட்டரைக் குறை சொல்ல வேண்டாம், சாக்கெட்டை 16 ஆம்பியருக்கு மாற்றுங்கள். அதற்குப் போகும் வயரும் அந்தக் கரண்டைத் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.