லெஸ்ஸா, ஃபியூவரா

அன்புள்ள தேன்மொழிக்கு,

நீ அனுப்பிய அறிக்கையில் நாலாம் பக்கத்தில் ஒரு வரியில் நின்றுவிட்டேன். இரவுப் பணியில் ‘லெஸ் எக்ஸ்பீரியன்ஸ்டு நர்ஸஸ்’ இருப்பதாக எழுதியிருக்கிறாய். அனுபவமுள்ள நர்ஸுகள் எண்ணிக்கையில் குறைவு என்று சொல்ல வந்தாய். படிக்கிறவருக்கோ, இருக்கிற நர்ஸுகளுக்கு அனுபவம் போதாது என்றே படும். ஆள் கேட்டு எழுதிய வரி, வேலை பார்க்கிற பிள்ளைகள்மேல் புகாராகிவிடும். ‘ஃபியூவர்’ என்று போட்டால் இந்தக் குழப்பமே இல்லை. நாளைக்கு அது நிர்வாகத்தின் மேசைக்குப் போகிறதே என்பதுதான் என் கவலை.

தவறு எங்கே பிறக்கிறது என்பது புரிகிறது. தமிழிலும் சில குடங்கள், சிறிது தண்ணீர் என்று பிரித்துத்தான் சொல்கிறோம். சிறிது குடங்கள் என்று யாரும் சொல்வதில்லை. ஒப்பிடும்போது மட்டும் தண்ணீரும் குறைவு, குடமும் குறைவு. ஒரே சொல் இரண்டுக்கும் போதுமானதாக இருக்கிறது. அந்தப் பழக்கம் ஆங்கிலத்திலும் கூடவே வருகிறது. பயிற்சி மையங்கள்மேல் எனக்குள்ள கோபம் நீ அறிந்ததுதான். எண்ணக்கூடியதற்கு ஃபியூவர் என்று மனப்பாடம் செய்ய வைத்து அனுப்பிவிடுகிறார்கள், காரணம் சொல்வதில்லை. ரூபாயையும் எண்ணத்தானே முடிகிறது? ஆனாலும் ‘லெஸ் தேன் 500 ரூபீஸ்’ என்பதே சரி. அங்கே மனதில் இருப்பது ஒரே தொகை, ஐந்நூறு தனித்தனி நாணயங்கள் அல்ல. 10 கிலோமீட்டர், 3 வாரம் எல்லாம் அப்படித்தான். தனித்தனி உருப்படிகளா, மொத்த அளவா என்று பார்த்தால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

எண்ணக்கூடியதற்கு ஃபியூவர் என்பது பிற்காலத்து விதிதானே என்று நீ கேட்கலாம். உண்மைதான். ஒன்பதாம் நூற்றாண்டில் ஆல்ஃபிரெட் மன்னர் காலத்து எழுத்திலேயே எண்ணக்கூடியவற்றுக்கு லெஸ் வந்திருக்கிறது. 1770இல் ஆங்கில மொழிநடை பற்றி எழுதிய ராபர்ட் பேக்கர் ஃபியூவரைச் சொன்னதும் தன் ரசனையாகத்தான், சட்டமாக அல்ல. பேச்சில் யாரும் உன்னைத் திருத்தப் போவதில்லை. ஆனால் 2008இல் பிரிட்டனின் டெஸ்கோ பல்பொருள் அங்காடி தன் கடைப் பலகைகளில் ‘10 ஐட்டம்ஸ் ஆர் லெஸ்’ என்பதை ‘அப் டு 10 ஐட்டம்ஸ்’ என்று மாற்றியது. கடைப் பலகைக்கே அந்தக் கவனம் தேவைப்பட்டிருக்கிறது. பேச்சில் சந்தேகம் வந்தால் எதிரில் இருப்பவர் திருப்பிக் கேட்பார். அறிக்கையைப் படிக்கிறவர் யாரிடம் கேட்பார்?

எதைப் போடுவது என்பது உன் இஷ்டம், நான் வற்புறுத்தவில்லை. அச்சுக்குப் போகுமுன் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றிவிடு கண்ணு. மற்றபடி அறிக்கை அருமை, நம் வீட்டில் இப்படி எழுத வேறு யாரால் முடியும்! பெரியம்மாவிடமும் வாசித்துக் காட்டினேன், அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. இரவுப் பணி முடிந்தால் நன்றாகத் தூங்கு, வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
பெரியப்பா