உட்காரும் இடத்திலிருந்து தொடங்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. புது வீட்டுக் கொல்லையில் 15-க்கு 20 அடி இடம் சும்மா கிடக்கிறது, மனசுக்கு இதமாக ஒரு தோட்டம் போட வேண்டும் என்று கேட்டிருந்தாய். கூடவே கைபேசியில் சேர்த்து வைத்திருந்த படங்களையும் அனுப்பியிருந்தாய். எல்லாம் அழகுதான். சீராக வெட்டிய புல்தரை, வெள்ளைக் கூழாங்கல் பாதை, நடுவில் ஒரு குட்டிப் புத்தர். மதுரையில் கத்திரி வெயில் அடிக்கும்போது அந்தப் புத்தர்கூட அங்கே உட்கார மாட்டார்.

அவையெல்லாம் பார்ப்பதற்காகப் போட்ட தோட்டங்கள். உனக்கு வேண்டியது உட்காருவதற்கு ஒரு தோட்டம். நம் ஊரில் பாதி வருஷம், காலை எட்டரைக்கு மேல் மாலை ஐந்தரை வரை இளைப்பாறுவதற்கென்று யாரும் வெளியே போவதில்லை. ஆக, உன் தோட்டத்துக்கு இரண்டே வேளைதான்: விடியற்காலை, பொழுது சாய்ந்த பிறகு. மூக்குக்கு என்ன, காதுக்கு என்ன, கால் பாதத்துக்கு என்ன என்பதையெல்லாம் அந்த இரண்டு வேளையை மனதில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வெக்கையை அடக்காமல் வாசனைச் செடி வாங்கிப் பயனில்லை. வியர்த்து வடிகிறவனுக்கு மல்லிகை மணக்காது.

அதனால் நர்சரிக்கு இப்போதே ஓடாதே. ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் போடு. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இடம் மாற்றி மாற்றி உட்கார்ந்து பார். சுவர் எங்கே சுடுகிறது என்று உள்ளங்கையை வைத்துத் தெரிந்துகொள். மேற்கு வெயில் வாங்கிய சுவர், விளக்கு வைத்து இரண்டு மணி நேரம் ஆன பின்பும் அனல் கக்கிக்கொண்டிருக்கும். அதன் பக்கத்தில் உட்காரும் இடம் அமைப்பதைப் போன்ற வீண் செலவு வேறில்லை.

தோட்டப் புத்தகங்கள் பலவற்றில் வீட்டின் வடக்குப் பக்கம் எப்போதும் நிழல் என்று எழுதியிருக்கும். அது குளிர்நாட்டுக் கணக்கு. மதுரையில் ஏப்ரல் நடுவில் உச்சி சூரியன் நேரே தலைக்கு மேல் வந்து, அதன் பிறகு வடக்கே சாய்ந்துவிடும். திரும்பத் தெற்கே போவது ஆகஸ்ட் கடைசியில்தான். நமக்கு நிழல் தேவைப்படும் மாதங்களில் வடக்குப் பக்கத்தில் வெயில் விழும், சூரியனும் வடமேற்கில் போய்த்தான் மறையும். ஆகவே நிழல் மரத்துக்கு இடம், நீ உட்காரும் இடத்துக்கு வடமேற்கு.

என்ன மரம் என்று கேட்பாய். சின்னக் கொல்லைக்கு நான் புங்கை என்றுதான் சொல்வேன். பனிக்காலம் முடியும்போது பழைய இலையைக் கொட்டிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் பளபளவென்று புது இலை கட்டிக்கொண்டு நிற்கும். வேண்டிய நேரத்தில் அடர்ந்த நிழல். அதன் பூ உதிர்ந்து தரை வெளிர் ஊதாவாகக் கிடப்பது தனி அழகு. வீட்டுச் சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி வை. முருங்கை வைக்கலாமே என்று உன் அப்பா சொல்வார். வைக்கட்டும், ஆனால் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அடையும். அது தோலில் பட்டால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும்.

மரம் தலைக்கு மேல் வளரச் சில வருஷம் பிடிக்கும். அதுவரைக்கும் சவுக்குக் கம்பு நட்டு, ஏழடி உயரத்தில் ஒரு பந்தல் போடு. பீர்க்கு, அவரை, சங்குப்பூ எதையாவது ஏற்றிவிடு. கொடி ஏறும் வரை மேலே நான்கு தென்னங்கீற்று. தகரக் கூரையும் பிளாஸ்டிக் கூரையும் வெயிலைத் தடுத்தாலும் தாங்களே சூடேறி உன் தலையில் இறக்கும். இலைக்கூரை அப்படியில்லை, இலை தண்ணீரை ஆவியாக வெளியே விடுவதால் அதன் கீழே உண்மையாகவே குளிர்ந்திருக்கும். மேற்குச் சுவருக்கும் இதே வைத்தியம்தான்: சுவரை விட்டு அரையடி தள்ளிக் கம்பிவலை கட்டி முல்லையை ஏற்று.

இனி வாசனைக்கு வருவோம். பொழுது சாய்ந்த பிறகு கண்ணுக்கு வேலை குறைந்துவிடும், மூக்குதான் முன்னால் நிற்கும். வாசனைச் செடிகள் இரண்டு சாதி. ஒன்று தானாகவே தேடி வரும். இன்னொன்று நீ தொட்டால்தான் தரும். முதல் சாதியை வைக்குமுன், சாயங்காலம் நாற்காலிக்குப் பக்கத்தில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்துப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார். புகை போகிற திசைக்கு எதிர்த்திசையில் மல்லிகையை வை. காற்று அதன் மேல் பட்டுத்தான் உன்னிடம் வர வேண்டும்.

2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி உனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது, வேறு மல்லியைத் தேடி அலையாதே. அதற்கு நல்ல வெயில் வேண்டும். பந்தலுக்கு அடியில் வைத்தால் இலையாக வளர்ந்து உன்னை ஏமாற்றும். நவம்பர் கடைசியில் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்துவிடு. மனம் வராது, ஆனால் செய். மாசி, பங்குனியில் துளிருக்குத் துளிர் மொட்டு வைக்கும். சாயங்காலம் அந்த மொட்டுகள் அவிழும் நேரமும் நீ வெளியே வந்து உட்காரும் நேரமும் ஒன்றுதான்.

கோடை போனால் மல்லி ஓய்ந்துவிடும். மழைக்கால விடியலுக்குப் பவழமல்லி. இரவில் மலர்ந்து விடியும்போது உதிர்கிற பூ அது, கீழே தரையைச் சுத்தமாக வைத்திரு. மனோரஞ்சிதம் ஒன்றும் வேலியோரம் இருக்கட்டும். அதன் பூவைப் பார்த்திருக்கிறாயா? இலையின் நிறத்திலேயே, தடித்த இதழ்களோடு இலைக்குள் ஒளிந்திருக்கும். பச்சையாக இருக்கும்வரை வாசனையே கிடையாது. மஞ்சளாகத் தொடங்கியதும் கனிந்த பழ வாசனை வீடு முழுக்கப் பரவும், பூவைக் கண்டுபிடிக்கத்தான் முடியாது. தேடினால் பூவின் காம்பு கொக்கிபோல வளைந்து பக்கத்துக் கிளையைப் பிடித்துக்கொண்டிருப்பதையும் பார்ப்பாய். அந்தக் கொக்கியால்தான் கொடி மேலே ஏறுகிறது.

மனோரஞ்சிதம் வைத்தால் பாம்பு வரும் என்று உன் அம்மா நிச்சயம் சொல்வாள். பாம்பு எலியையும் தவளையையும் தேடி வருமே தவிர, பூவை முகரப் பாம்புக்கு நேரமில்லை. புதர் அடி மண்டிப்போகாமல், உடைந்த செங்கலும் விறகும் குவியாமல் பார்த்துக்கொண்டால் போதும். இரவு ராணியை மட்டும் படுக்கையறை ஜன்னலோரம் வைக்காதே. அந்த நெடி பலருக்குத் தலைவலி.

தொட்டால் மணக்கும் சாதியை நடைபாதை ஓரத்தில், கைபடும் உயரத்தில் வரிசையாக வை: துளசி, திருநீற்றுப்பச்சிலை, கற்பூரவல்லி, எலுமிச்சைப்புல். போகும்போது பாவாடை உரசினாலே போதும். ஒரு பழைய டிரம்மில் மணல் கலந்த மண்ணை நிரப்பி வெட்டிவேர் நடு. வருஷம் கழித்து டிரம்மைச் சாய்த்து வேரை எடுத்துக் கழுவி, குடிக்கும் பானையில் ஒரு கொத்துப் போடலாம்.

தரைக்கு சிமென்ட் வேண்டாம், கருங்கல் பலகை வேண்டாம், செயற்கைப் புல் வேண்டவே வேண்டாம். அது வெயிலில் மண்ணைவிட அதிகமாகச் சுடும். மணல் பரப்பி அதன்மேல் செங்கல்லை அடுக்கு, இடுக்கில் அருகம்புல் தானாக வரும். மாலை ஐந்தரைக்கு அந்தச் செங்கல்மேல் இரண்டு வாளித் தண்ணீர் தெளித்துவிடு. செங்கல் தண்ணீரைக் குடித்து மெல்ல மெல்ல ஆவியாக விடும், ஆறு மணிக்கு வெறுங்காலோடு நடக்கலாம். சென்னையில் இருக்கிற உன் சித்தி இதைச் செய்தால் புழுக்கம்தான் கூடும். மதுரைக் கோடைக்காற்று உலர்ந்தது, இங்கே பலிக்கும். உட்காரக் கயிற்றுக் கட்டில். இரும்பு பெஞ்சு படத்துக்கு மட்டும்தான் நன்றாக இருக்கும்.

காதுக்கென்று காற்றுமணி வாங்கித் தொங்கவிடாதே. ஆடிக்காற்றில் அது போடும் கூத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் பொறுக்கமாட்டார். துணி துவைத்த தண்ணீர் போகிற வழியில் ஒரு வாழையும் கல்வாழையும் வை. கிழிந்த வாழையிலை காற்றில் சலசலப்பது போதும். ஒரு மூலையில் சருகைக் கூட்டாமல் விட்டுவை. தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து சருகைப் புரட்டிச் சண்டை போட்டுக்கொள்ளும். இரண்டு அங்குல ஆழமுள்ள மண்தட்டில் தண்ணீர் வைத்தால் குளிக்கவும் வரும். அகன்ற இலைச் செடி இருந்தால் தையல்சிட்டு இலையைத் தைத்துக் கூடு கட்டலாம். கட்டினால் எட்ட நின்று பார்.

தண்ணீர் வைக்கும்போது கொசுவை மறக்காதே. முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும். மண்தட்டைத் தினமும் கவிழ்த்துத் தேய்த்து வேறு தண்ணீர் ஊற்று. அல்லி வளர்க்கும் தொட்டியில் கப்பி மீன் நான்கைந்து விட்டால் புழுவைத் தின்றுவிடும். இரவில் மலரும் வெள்ளை அல்லியைக் கேட்டு வாங்கு; பகலில் மலரும் வகை உனக்குப் பிரயோஜனமில்லை. நிறங்களிலும் இதே கணக்குதான். காகிதப்பூவின் சிவப்பு வேலிக்கு வெளியே தெருவுக்கு இருக்கட்டும். இருட்டிய பிறகு கண்ணில் நிற்பது வெள்ளை மட்டுமே, நந்தியாவட்டை இரண்டு போதும். விளக்கு ஒன்று, மஞ்சளாக, முழங்காலுக்குக் கீழே.

நாக்குக்கு ஓர் எலுமிச்சையும் கறிவேப்பிலையும் போதும். மீதியைச் சமையற்கட்டுக்குப் பக்கத்துத் தொட்டிகளில் அம்மா பார்த்துக்கொள்வாள். அரளி மட்டும் வேண்டாம், அது விஷம். உன் அண்ணன் பிள்ளை எதையும் வாயில் வைக்கிற வயதில் இருக்கிறான்.

இப்போது வைகாசி. இந்த மாதம் நாற்காலியும் ஊதுபத்தியும் மட்டும். ஆனியில் பந்தல்கால் நடு, ஆடியில் பீர்க்கும் அவரையும் விதை. மதுரைக்கு அதிக மழை தருவது வடகிழக்குப் பருவமழைதான், அதனால் புங்கைக்கும் மல்லிக்கும் புரட்டாசி முடிவதற்குள் குழி தோண்டி, மக்கிய சாணமும் செம்மண்ணும் போட்டு ஆறவிடு. ஐப்பசி முதல் மழை விழுந்ததும் எனக்குப் போன் போடு; பதியன் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உன் மாமா