கிட்டாருக்கு ஜாக் பொருத்துவது எப்படி?

நம் சங்க விழாவில் என் பேத்தி கிட்டார் வாசித்தாள். மைக் வைத்தும் பின்வரிசைக்குக் கேட்கவில்லை. ஒலியைக் கூட்டினால் ஒலிபெருக்கி ஊளையிட்டது. "பிக்கப் வெச்சுக் கொடுங்க தாத்தா" என்றாள்.

தண்டவாளத்தில் துளையிட்டவனுக்கு மரம் எம்மாத்திரம் என்று நினைத்தேன். கிட்டாரின் அடியில், தோள்வார் மாட்டும் குமிழைக் கழற்றி, அந்தச் சிறு துளையில் நேராக 12 மி.மீ. டிரில்லை ஓட்டினேன். அது மரத்தைக் கவ்வி இழுத்து, ஓரத்தைப் பிய்த்துவிட்டது. குழந்தை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் வலித்தது. அந்தப் பாடத்தை உங்களுக்கும் சொல்கிறேன்.

பிக்கப் என்பது பீசோ வில்லை. சிலவகைப் படிகங்கள் அழுத்தப்பட்டால் மின்சாரம் தரும் என்பதை 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தனர். தந்தியின் அதிர்வு பிரிட்ஜ் வழியாக வில்லைக்கு வந்து மின்னலையாகிறது. பேட்டரி வேண்டாத, ஒட்டும் வகையே புதியவர்களுக்கு எளிது.

முதலில் தந்திகளைத் தளர்த்துங்கள். ஜாக்கின் தண்டை வெர்னியரால் அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் 12 மி.மீ. இருக்கும். துளையைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டி, கூம்பு வடிவ ரீமரைக் கையால் திருகிக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்துங்கள். அடிக்கடி ஜாக்கை வைத்துப் பாருங்கள். துளையைப் பெரிதாக்கலாம்; சிறிதாக்க முடியாது.

வில்லையின் நடுக்கம்பி ஜாக்கின் நுனிமுனைக்கும், மேலே சுற்றிய வலைக்கம்பி உடல்முனைக்கும் போக வேண்டும். மாற்றிப் பற்றவைத்தால் இரைச்சல்தான் கேட்கும்.

ஜாக்கை உள்ளிருந்து வெளியே கொண்டுவர, ஒரு மெல்லிய கம்பியை வெளியிலிருந்து துளை வழியே விட்டு, உள்ளே அதன் நுனியில் ஜாக்கைச் செருகி இழுங்கள். வெளி நட்டை முடுக்கும்போது ஜாக்கும் சேர்ந்து சுழன்றால் உள்ளே ஒயர் முறுக்கி அறுந்துவிடும். தண்டின் பக்கத்துளையில் ஓர் ஆணியைச் செருகிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வில்லையை பிரிட்ஜுக்கு நேர்கீழே, உட்புறத்தில், முதலில் நாடாவால் தற்காலிகமாக ஒட்டி, தந்திகளை முறுக்கி வாசித்துப் பாருங்கள். ஆறு தந்தியும் சமமாகக் கேட்கும் இடம் கிடைத்தபின் நிரந்தரமாக ஒட்டுங்கள். ஆம்ப்ளிஃபயருக்கு எர்த் உள்ள மூன்று முள் பிளக் கட்டாயம்.

பிய்ந்த இடத்தை மறைக்க ஜாக்கின் அடியில் பெரிய பித்தளை வாஷர் ஒன்று போட்டேன். அடுத்த விழாவில் கடைசி வரிசை வரை கேட்டது. "வாஷர் அழகா இருக்கு தாத்தா" என்றாள் பேத்தி. உங்கள் வீட்டுக் கிட்டாருக்கு அந்த வாஷர் தேவைப்படாமல் இருக்கட்டும்.