துறுதுறுப்பான பிள்ளைக்கு விளையாட்டும் ஓர் உதவி



"ஓரிடத்தில் உட்காரமாட்டேன் என்கிறான். பாடத்தை முடிக்கவில்லை என்று விளையாட்டு நேரத்தையும் பள்ளியில் நிறுத்திவிட்டார்கள்." இப்படிச் சொல்லிக் கண்கலங்கும் தாய்மார் அநேகர். நமது ஞாயிறு பள்ளி வகுப்புகளிலும் இப்படிப்பட்ட பிள்ளைகள் உண்டு. அவர்களை அடங்காதவர்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்.

கவனம் நிலைக்காமை, மிகுந்த துறுதுறுப்பு, யோசியாமல் செயல்படுதல் ஆகியவை 12 வயதுக்குள் தொடங்கி, வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் 6 மாதங்களுக்கு மேல் நீடித்து, பிள்ளையின் படிப்பையும் பழக்கத்தையும் பாதித்தால், அது ஏ.டி.எச்.டி. என்னும் குறைபாடாக இருக்கலாம். மருத்துவரே அதை உறுதிப்படுத்த வேண்டும். இது வளர்ப்பின் குற்றம் அல்ல. பெரும்பாலும் பரம்பரையாக வருவது.

மூளையில் கவனத்துக்கு உதவும் டோபமின், நார்அட்ரினலின் என்னும் இரசாயனங்கள் உண்டு. இக்குறைபாட்டுக்குக் கொடுக்கப்படும் மாத்திரைகள் இவற்றின் மூலமாகவே வேலை செய்கின்றன. ஓடியாடும்போதும் இவை கூடுகின்றன.

2013-ல் அமெரிக்காவில் மாத்யூ பான்டிஃபெக்ஸ் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 8 முதல் 10 வயதுள்ள 40 பிள்ளைகளில் பாதிப்பேருக்கு இக்குறைபாடு இருந்தது. ஒரு நாள் 20 நிமிடம் உடற்பயிற்சி செய்தார்கள். மற்றொரு நாள் அதே நேரம் உட்கார்ந்து வாசித்தார்கள். உடற்பயிற்சிக்குப் பின் இரு சாராரும் வாசிப்பிலும் கணக்கிலும் நன்றாகச் செய்தார்கள். அப்படியானால் விளையாட்டை நிறுத்துவது, அந்தப் பிள்ளைக்கு உதவுகிற ஒன்றையே பறிப்பதாகும்.

வீட்டிலும் வகுப்பிலும் நாம் செய்யக்கூடியவை:

1. பாடத்துக்கு முன் 20 நிமிடம் ஓட்டம், கயிறு தாண்டுதல், பந்து விளையாட்டு என்று ஏதாவது ஒன்று இருக்கட்டும். நாள் முழுவதிலும் சேர்த்து 60 நிமிடமாவது உடல் அசைவு பிள்ளைகளுக்குத் தேவை.

2. 'குளம் கரை', 'சிலை' போன்றவற்றை விளையாடச் செய்யுங்கள். சொல்லைக் கேட்டவுடன் நிற்க வேண்டிய விளையாட்டுகள் இவை. தன்னை அடக்கிக்கொள்ளும் பழக்கத்தைச் சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்ளலாம்.

3. தவறியவனை 'அவுட்' என்று உட்கார வைக்காதீர்கள். முதலில் உட்காருவது பெரும்பாலும் இந்தப் பிள்ளையே. ஒரு சுற்று நொண்டியடித்துவிட்டு மறுபடியும் சேர்ந்துகொள்ளட்டும்.

4. விதிகளைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். சரியாக நின்றவுடனே பாராட்டுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். விளையாட்டு மருத்துவத்துக்குப் பதிலாகாது. மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது. 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கோ, பெற்றோருக்குக் கொடுக்கும் பயிற்சியே முதல் சிகிச்சை.

உங்கள் வகுப்பில் எப்போதும் கண்டிக்கப்படுகிற பிள்ளை யார் என்று யோசித்துப் பாருங்கள். வரும் ஞாயிறு, பாடத்துக்கு முன் அவனோடு கொஞ்ச நேரம் ஓடி விளையாடுங்கள். "உட்கார்" என்ற சொல்லையே கேட்டுப் பழகியவன், "வா, விளையாடலாம்" என்ற அழைப்பையும் உங்களிடமிருந்து கேட்கட்டும்.