கிளட்ச் உதறல்: குற்றவாளி பிளேட் மட்டும்தானா?

(இறுதியாண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு)



கிளட்ச் பாடம் நம் எல்லோருக்கும் பிடித்த பாடம். படம் வரைந்து பாகம் குறித்தால் மார்க் வந்துவிடும். ஆனால் அந்தப் பாடத்தின் கடைசியில் கோளாறுகள் பற்றி ஒரு அட்டவணை வருமே, அதை யாரும் ஒழுங்காகப் படிப்பதில்லை. அதில் ‘கிளட்ச் உதறல்’ என்பதற்கு எதிரே ஒரே வரியில் நாலு காரணம் போட்டு முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரியைத்தான் இங்கே விரித்து எழுதப் போகிறேன்.

உதறல் என்றால் என்ன? முதல் கியர் போட்டு கிளட்ச் பெடலை மெதுவாக விடும்போது வண்டி நைசாக நகர வேண்டும். அப்படி நகராமல் தடதடவென்று ஆடி, டேஷ்போர்டு எல்லாம் நடுங்கி, பெடலை முழுதாக விட்டதும் ஒன்றும் நடக்காதது போல ஓடும். பட்டறையில் ‘ஜெர்க் அடிக்குது’ என்பார்கள். உடனே பிளேட்டை மாற்று என்றும் சொல்வார்கள்.

இதை விளக்க ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தின் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். 1962-ல் அறிமுகமாகி 1980 வரை தயாரான இரண்டு சீட் வண்டி. நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு! ஸ்பிட்ஃபயர், டிரையம்ப் ஹெரால்டு காரை அடிப்படையாக வைத்து உருவானது. அந்த ஹெரால்டுதான் 1961 முதல் நம் சென்னைப் பக்கம் வண்டலூரில் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் தயாரானது. இரண்டுக்கும் இன்ஜின் ஒரே குடும்பம். பானெட் முழுவதும் முன்பக்கமாகத் திறப்பதும் ஒன்றே. இரண்டு வண்டிக்கும் உடம்பை வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. அதனால் நம் ஊரில் மிச்சமிருக்கும் ஒரு ஹெரால்டைப் பிரித்துப் பார்த்தவனுக்கு ஸ்பிட்ஃபயர் அந்நியமாக இருக்காது. சித்தப்பா பிள்ளை மாதிரி.

முதலில் கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், மூன்றாவது செமஸ்டர் கணக்குதான். கிளட்ச் கடத்தும் முறுக்குவிசை = உராய்வுக் கெழு × அழுத்தும் விசை × சராசரி ஆரம் × உராயும் முகங்கள். வெளி விட்டம் 184 மி.மீ., உள் விட்டம் 127 மி.மீ. உள்ள பிளேட் என்று வைத்துக்கொள்வோம். சராசரி ஆரம் 77.75 மி.மீ. அழுத்தும் விசை 3500 நியூட்டன், உராய்வுக் கெழு 0.3, முகங்கள் 2 என்றால் சுமார் 163 நியூட்டன் மீட்டர் வரும். ஸ்பிட்ஃபயர் 1500 மாடலின் இன்ஜின் கொடுக்கும் அதிகபட்ச முறுக்குவிசை சுமார் 111 தான். ஆக ஒன்றரை மடங்கு தெம்பு இருக்கிறது. இதே பிளேட்டில் எண்ணெய் பட்டு கெழு 0.1-க்கு இறங்கிவிட்டால்? 54 தான் வரும். கிளட்ச் ஸ்லிப் ஆகும்.

இங்கேதான் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எண்ணெய் முகம் முழுக்கப் பட்டால் ஸ்லிப். ஒரு பக்கம் மட்டும் பட்டால் உதறல். பிளேட் சுற்றும்போது ஒரு கணம் பிடிக்கிறது, அடுத்த கணம் வழுக்குகிறது. ஈர நாற்காலியைத் தரையில் இழுத்தால் ‘கீச் கீச்’ என்று துள்ளித் துள்ளி வருமே, அதே கதைதான். லைனிங் மெருகேறிக் கண்ணாடி போல ஆகிவிட்டாலும் இப்படி ஆகும். வழுக்கும் வேகம் குறையக் குறையப் பிடி கூடுகிற குணம் லைனிங்குக்கு வந்துவிட்டால், ஆட்டம் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். வெளியிலிருந்து யாரும் ஆட்ட வேண்டியதில்லை.

இன்னொரு வகை, கோணலால் வருவது. லைனிங் சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் பிளைவீல் முகமோ பிரஷர் பிளேட்டோ நெளிந்திருக்கும், அல்லது கியர் பாக்ஸ் ஷாஃப்டு இன்ஜினோடு நேர்கோட்டில் இருக்காது. பெடலை விடும்போது இன்ஜின் 1200 சுற்றில், பிளேட் 600 சுற்றில் ஓடுகிறது என்றால் வித்தியாசம் நிமிடத்துக்கு 600, அதாவது நொடிக்கு 10 உதறல். துரதிர்ஷ்டவசமாக, கியரில் நிற்கும் காரின் டிரைவ்லைன் இயல்பாக ஆட விரும்புவதும் ஏறக்குறைய இந்த அளவில்தான். ஊஞ்சலை அது ஆடும் நேரம் பார்த்துத் தள்ளினால் எப்படி? அதனால்தான் முடியளவு நெளிவுகூட வண்டியையே உலுக்குகிறது.

இறக்குவதற்கு முன்னால்

ஸ்பிட்ஃபயரிலும் ஹெரால்டிலும் கியர் பாக்ஸைக் கீழே இறக்க முடியாது. சீட்டைக் கழற்றி, நடுவிலுள்ள டனல் மூடியை எடுத்து, வண்டிக்குள்ளிருந்துதான் தூக்க வேண்டும். தூக்குகிறவன் இடுப்புக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆகவே கழற்றாமல் பார்க்கக்கூடியதை எல்லாம் முதலில் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

எப்போது உதறுகிறது என்று ஓட்டுகிறவரிடம் கேட்க வேண்டும். காலையில் முதல் இரண்டு மூன்று தடவை மட்டும் உதறிவிட்டுச் சரியாகிறதா? பல நாள் நின்ற வண்டியில் பிளைவீல் முகத்தில் பிடித்த லேசான துருவும் ஈரமும் காரணமாக இருக்கலாம். ஓட ஓடத் தேய்ந்து போய்விடும். சூடான பிறகுதான் உதறுகிறது என்றால் எண்ணெய், மெருகேறிய லைனிங், பிளைவீல் நெளிவு இவற்றின் மேல் சந்தேகம் வர வேண்டும். கிளட்சை முழுதாக விட்டு ஓடும்போதும் ஆட்டம் இருந்தால் அது கிளட்ச் கோளாறே இல்லை. புரொப்பெல்லர் ஷாஃப்டு, யூனிவர்சல் ஜாயின்ட், வீல் என்று தேட வேண்டும்.

அடுத்து இன்ஜின் ஐடிலிங். ஸ்பிட்ஃபயரில் இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் குறைந்த சுற்றில் இன்ஜினே குலுங்கும். வண்டியை எடுக்கும்போது அதுவும் கிளட்ச் உதறல் போலவேதான் தெரியும். பிளக், பாயின்ட், கார்புரேட்டர் சரி செய்யாமல் கிளட்ச் மேல் பழி போடுவது நியாயமில்லை. ஹைட்ராலிக் லைனில் காற்று இருந்தாலும், ஸ்லேவ் சிலிண்டர் இறுகி விட்டு விட்டு நகர்ந்தாலும் பிடி ஒரே சீராக விழாது. அதையும் பார்க்க வேண்டும்.

இனி மவுண்டிங் ரப்பர். என் கருத்தில் அட்டவணையில் முதலில் வர வேண்டியது இதுதான். இன்பிளான்ட் டிரெய்னிங் போன இடத்தில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தது. உரிமையாளர் ஓய்வு பெற்ற பெரியவர். அதற்கு முன் வேறொரு பட்டறையில் இரண்டு முறை கிளட்ச் பிளேட் மாற்றியிருந்தார்கள். பழைய வண்டிக்குப் பிளேட் கிடைப்பதே பாடு. தேடிப் பிடித்து வாங்கி, லேபரும் கொடுத்து, உதறல் மட்டும் அப்படியே இருந்தது. “தம்பி, இதுக்கு மேல என்னால செலவு பண்ண முடியாது. இந்தத் தடவையும் சரியாகலைன்னா காயலாங் கடைக்குத்தான்” என்றார். அவர் சொன்ன விதம் எங்களுக்கே கஷ்டமாக இருந்தது.

சீனியர் மெக்கானிக் அண்ணன் ஸ்பேனரையே எடுக்கவில்லை. “டேய் தம்பி, உள்ள உக்காரு. ஹேண்ட் பிரேக் போடு, பிரேக்கையும் மிதிச்சுக்கோ. முதல் கியர்ல கிளட்ச கடிக்கிற இடம் வரைக்கும் மட்டும் விடு” என்றார். வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கவில்லை, அவரும் பக்கவாட்டில்தான் நின்றார் (இதைச் செய்து பார்க்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது). கிளட்ச் கடித்ததும் இன்ஜின் ஒரு பக்கம் அப்படியே எழும்பியது! மேலிருந்து பார்த்தால் ரப்பர் நன்றாகத்தான் இருந்தது. இரும்புத் தகட்டிலிருந்து முழுதாக விட்டுப்போயிருந்தது கழற்றியபோதுதான் தெரிந்தது. கிளட்ச் பிடிக்கும்போது இன்ஜின் எழும்புகிறது, எழும்பியதும் பிடி மாறுகிறது, மறுபடி விழுகிறது. இரண்டு பக்க ரப்பரையும் கியர் பாக்ஸ் ரப்பரையும் மாற்றினோம். வண்டி நைசாக நகர்ந்தது. கியர் பாக்ஸில் கை வைக்கவே இல்லை.

கழற்றும் முன் கடைசியாக ஒன்று. இது இந்த டிரையம்ப் குடும்பத்துக்கே உரிய நோய். கிராங்க் ஷாஃப்டு முன்னும் பின்னும் நகராமல் தடுப்பது பின் மெயின் பேரிங்கில் உள்ள இரண்டு அரைவட்டத் திரஸ்ட் வாஷர்கள். ஒவ்வொரு முறை கிளட்சை மிதிக்கும்போதும் அந்த விசை கிராங்கை முன்னால் தள்ளி வாஷர் மேல்தான் விழுகிறது. தேய்ந்து தேய்ந்து ஒருநாள் வாஷர் சம்ப்புக்குள் விழுந்துவிடும். பிறகு கிராங்கும் பிளாக்கும் இரும்போடு இரும்பாக உராயும். சோதனை எளிது. ஒருவர் கிளட்சை மிதித்து விட, இன்னொருவர் முன்பக்கக் கப்பியைப் பார்க்க வேண்டும். 0.1, 0.2 மி.மீ. ஆட்டம் இயல்பு. கண்ணுக்கே பளிச்சென்று தெரியும்படி நகர்ந்தால் புது கிளட்ச் போடுவது தண்டம். முதலில் வாஷரைக் கவனியுங்கள்.

இறக்கிய பிறகு

கழற்றும் முன் பிரஷர் பிளேட்டுக்கும் பிளைவீலுக்கும் சேர்த்து ஒரு பஞ்ச் மார்க் வையுங்கள். பேலன்ஸ் மாறாமல் திரும்பப் போட உதவும்.

உள்ளே கருப்புத் தூசி மண்டியிருக்கும். நம் பட்டறைகளில் உடனே ஏர் ஹோஸை எடுத்து ‘புஸ்’ஸென்று அடித்துவிடுவார்கள். அதைச் செய்யவே கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அந்த இழை நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது, நோய் பல வருடம் கழித்துத்தான் தலைகாட்டும். பிரிட்டனில் 1999-ல் ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்தார்கள். அதற்கு முன் செய்த பிளேட்டுகள் பழைய வண்டிகளில் இன்னும் இருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போட வேண்டும். என் மாமா லாரிப் பட்டறையில் இருபது வருடமாக பிரேக் டிரம்மை ஏர் அடித்தே சுத்தம் செய்து வந்தவர். எங்கள் குடும்பத்தில் இதைப் புத்தகத்தில் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் நானே போய்ச் சொன்னேன். “இத்தன வருசம் யாரும் சொல்லலியேடா மாப்ள” என்றார். இப்போது பட்டறையில் ஒரு வாளித் தண்ணீர் வைத்திருக்கிறார். நம்மில் பலர் நாளை சூப்பர்வைசர் ஆவோம். அந்த வாளியை வைப்பது நம் வேலை.

எண்ணெய் இருந்தால் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பிளைவீல் பக்கம் கருப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில், கிராங்கின் பின் சீல் வழியாக வந்தது. ஷாஃப்டு பக்கம், மூக்கைத் துளைக்கும் கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஆயில். கசிவை அடைக்காமல் புது பிளேட் போட்டால் சில மாதத்தில் பழைய கதைதான். எண்ணெய் ஊறிய லைனிங்கை பெட்ரோலில் கழுவி மறுபடி போடுவதும் வீண். உள்ளே ஊறியது சூட்டில் வெளியே வரும்.

பிளைவீல் முகத்தில் நீலத் திட்டுகள், மயிரிழை வெடிப்புகள் உண்டா? டயல் கேஜ் வைத்து ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். சுற்றும்போது கிராங்கை ஒரே பக்கமாகத் தள்ளிப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் நான் மேலே சொன்ன திரஸ்ட் ஆட்டமும் கேஜில் சேர்ந்து நெளிவு போலக் காட்டும். நெளிவு இருந்தால் முகத்தை மெஷின் செய்ய வேண்டும். எமரித் தாளால் தேய்ப்பது அதற்கு ஈடாகாது.

கிராங்கின் பின் நுனியில் ஒரு சின்ன வெண்கல புஷ் இருக்கும், கியர் பாக்ஸ் ஷாஃப்டின் மூக்கு அதில்தான் உட்காரும். அது தேய்ந்தால் ஷாஃப்டு தள்ளாடும், பிளேட்டும் தள்ளாடும். விலை குறைவு, ஆனால் பலரும் மாற்றுவதில்லை. புது புஷ்ஷுக்கு எண்ணெய் ஊட்ட அண்ணன் காட்டிய வழி: ஒரு பக்கத் துளையை விரலால் அடைத்து, உள்ளே இன்ஜின் ஆயில் நிரப்பி, மறுபக்கம் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். வெளிப்பக்கம் வியர்வை போல எண்ணெய் துளிர்க்கும். பார்க்க அழகாக இருக்கும்!

பிளேட்டில் இரண்டு லைனிங்குக்கும் நடுவே அலை அலையான மெல்லிய தகடு உண்டு. பிடி படிப்படியாக விழுவது அதனால்தான். ஸ்போர்ட்ஸ் கார் என்பதற்காகச் சிலர் இந்தத் தகடு இல்லாத ரேஸ் பிளேட்டைப் போடுகிறார்கள். ரேஸில் அது சரி. சிக்னலில் நின்று நின்று போகும் வண்டிக்கு, காசு கொடுத்து உதறலை வாங்கியது போல.

மாட்டும்போது பிளேட் ஷாஃப்டின் ஸ்ப்ளைனில் தங்கு தடையின்றி வழுக்க வேண்டும். கிரீஸ் பூசியது தெரியாத அளவுக்குத்தான் பூச வேண்டும். பிளேட்டை மேண்ட்ரல் வைத்து நடுவில் நிறுத்தி, கவர் போல்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரு பக்கமே இறுக்கினால் புது கவரும் நெளியும். பெல் ஹவுசிங்கை நேராக நிறுத்தும் டவல்கள் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வண்டிகளில் அவை காணாமல் போய் வெறும் போல்டு மட்டும் இருப்பது சகஜம். கியர் பாக்ஸைத் தள்ளும்போது அதன் கனம் பிளேட் மேல் தொங்கக் கூடாது. ஒருவர் கடைசிவரை தாங்கிப் பிடித்தே ஆக வேண்டும்.

புது லைனிங் முகம் முழுவதும் பதியச் சில நூறு கிலோமீட்டர் ஆகும். அதுவரை லேசான உதறல் இருந்தால் பதற வேண்டாம், ஹாஃப் கிளட்சில் ஏற்றத்தில் நிறுத்தி வைக்காமல் சாதாரணமாக ஓட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் உதறினால் வண்டியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி, மறுபடி மவுண்டிங் ரப்பரிலிருந்து ஆரம்பியுங்கள்.