சைக்கிள் செயின் ஏன் அறுந்துபோகிறது?

மேம்பாலம் ஏறும்போது சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதிக்கிறீர்கள். டப்புன்னு ஒரு சத்தம். கால் சும்மா சுழன்று கீழே போகிறது. பின்னால் லாரி வந்துகொண்டிருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் 11ஆம் வகுப்புப் படிக்கும் மாணவ மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கப்படுகிறது. வாங்கிய புதிதில் தினமும் துடைப்போம். ஆனால் செயினை யாரும் பார்ப்பதில்லை. முழு கவர் போட்ட வண்டி என்றால் அது கண்ணுக்கே தெரியாது.

செயின் திடீரென்று அறுவதில்லை. அதற்கு முன்பே பல மாதங்களாகத் தேய்ந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு கண்ணியையும் அடுத்த கண்ணியோடு இணைப்பது ஒரு சின்ன பின். எண்ணெய் வற்றியதும் அந்த இடத்தில் இரும்போடு இரும்பு உரசுகிறது. தூசியும் மணலும் சேர்ந்தால் அரம் போட்டு ராவுகிற மாதிரிதான். மழையில் நனைந்து அப்படியே நின்றால் துரு பிடித்து, சில கண்ணிகள் மடங்காமல் இறுகிவிடும். கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். இறுகிய கண்ணி பல்லில் சரியாக உட்காராது. அந்த நேரம் பார்த்து பின்னால் ஆளை வைத்து அழுத்தி மிதித்தால், வெளித்தகடு பின்னிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

தேய்மானத்தைப் பார்க்க உங்கள் பள்ளி ஸ்கேலே போதும். செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடைவெளி அரை அங்குலம். ஒரு பின்னின் நடுவில் பூஜ்ஜியத்தை வைத்து, அதை விட்டு 24 பின் எண்ணுங்கள். கடைசிப் பின்னின் நடு சரியாக 12 அங்குலத்தில் இருந்தால் செயின் நல்ல நிலையில் இருக்கிறது. ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளிப் போயிருந்தால் புதுச் செயினுக்குத் தயாராகுங்கள். 3 மில்லிமீட்டர் தாண்டிவிட்டால் தள்ளிப்போடாதீர்கள். ஃப்ரீவீல் பல்லும் தேய்ந்திருக்கலாம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். "ரெண்டு கண்ணி மட்டும் மாத்திக் குடுங்கண்ணா" என்று கேட்பது வீண். நீண்டுபோன பழைய செயினில் புதுக் கண்ணி ஒத்துப்போகாது.

பராமரிப்பு பெரிய வேலையில்லை. பழைய துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்பக்கமாகச் சுற்றினால் அழுக்கு வந்துவிடும். விரலைப் பல்சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். பிறகு ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய். பத்து நிமிடம் கழித்து வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் மண் ஒட்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துப் போகும். ஒர்க்‌ஷாப்பில் கழித்த என்ஜின் ஆயிலும் வேண்டாம், அதில் இரும்புத் துகள் இருக்கும். (இந்த இரண்டையும் ஊற்றிப் பார்த்த அனுபவம் எனக்கு உண்டு!)

மாதம் இரண்டு முறை இதைச் செய்யலாம். மழையில் நனைந்தால் அன்றைக்கே. செயினின் நடுவில் விரலால் தூக்கிப் பாருங்கள், மேலும் கீழுமாக அரை அங்குலம் ஆடினால் போதும். அதிகம் தொங்கினால் கழன்று விழும். ரொம்ப இழுத்துக் கட்டினாலும் தேய்மானம் கூடும்.

செயின் மாற்றியதும் கடையிலேயே ஒன்றைப் பார்த்துவிடுங்கள். இணைப்புக் கண்ணியில் ஒரு சின்ன கிளிப் இருக்கும். அந்தக் கண்ணி மேல்பக்கம் வரும்போது, கிளிப்பின் மூடிய முனை முன்னால் பெடல் பக்கம் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டிருந்தால், எங்கேயாவது உரசிக் கிளிப் கழன்று விழுந்துவிடும். புதுச் செயினும் நடுரோட்டில் பிரிந்துபோகும்.