பாஸ் லினக்ஸைக் கம்பைலருக்குச் சொல்லித்தர வேண்டுமா?

கேள்வி: ஐயா, அண்ணனுக்குப் பள்ளியில் கொடுத்த அரசு மடிக்கணினியில் பாஸ் லினக்ஸ் இருக்கிறது. ஒரு மென்பொருளை மூலநிரலிலிருந்து பில்ட் செய்யப் பார்த்தேன். 'இந்த இயங்குதளத்துக்கு ஆதரவில்லை' என்று ஸ்கிரிப்ட் பாதியில் நின்றுவிட்டது. ஜிசிசி கம்பைலரிடம் கேட்டாலோ 'லினக்ஸ்-க்னூ' என்று மட்டும் சொல்கிறது. பாஸை ஒரு தனி இயங்குதளமாகக் கம்பைலர் அடையாளம் காண வேண்டாமா?
– கல்லூரி மாணவர், நெய்வேலி நகரியம்

பதில்: வேண்டாம். கம்பைலர் சொன்னது சரி, தவறு ஸ்கிரிப்டில் இருக்கிறது.

சென்னை சி-டாக் 2007-இல் வெளியிட்ட பாஸ், டெபியனிலிருந்து கிளைத்தது. கம்பைலருக்கு வேண்டியவை மூன்று: எந்தப் பிராசசர், எந்தக் கெர்னல், எந்த சி நூலகம். டெபியனில் இருக்கும் அதே லினக்ஸ் கெர்னலும் க்னூ சி நூலகமும்தான் பாஸிலும் இருக்கின்றன. உங்கள் ஊர் அனல்மின் நிலையத்தையே பாருங்கள். வந்து விழும் பழுப்பு நிலக்கரி முதல் சுரங்கத்ததா இரண்டாம் சுரங்கத்ததா என்று கொதிகலன் கேட்பதில்லை. அதன் வெப்பமும் ஈரமும்தான் கொதிகலனுக்குக் கணக்கு.

கெர்னலே பிரிந்து போனால் கதை வேறு. மேத்யூ டில்லன் 2003-இல் ஃப்ரீபிஎஸ்டி 4-ஆம் வரிசையிலிருந்து டிராகன்ஃபிளை பிஎஸ்டியைப் பிரித்தார். அதற்குக் கம்பைலரில் தனி மேக்ரோ உண்டு. 'யூநேம்' கட்டளையும் புதுப் பெயரையே சொல்லும். இயங்குதளத்தை அடையாளம் காண பில்ட் ஸ்கிரிப்டுகள் நம்பும் கான்ஃபிக்.கெஸ், கான்ஃபிக்.சப் கோப்புகளிலும் அந்தப் பெயர் ஏற வேண்டியிருந்தது. பழைய மென்பொருள்களோடு வரும் பழைய கான்ஃபிக்.கெஸ், பிறகு பிறந்த இயங்குதளத்தை அறியாது; புதிய பிரதியை எடுத்து வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆண்ட்ராய்டு, பாஸ் டிராகன்ஃபிளை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கெர்னல் லினக்ஸ், சி நூலகம் மட்டும் பயோனிக். அதனால் லினக்ஸ் மேக்ரோவும் ஆண்ட்ராய்டு மேக்ரோவும் சேர்ந்தே வரும். நிரலில் ஆண்ட்ராய்டை முதலில் சோதியுங்கள். லினக்ஸை முதலில் கேட்டால் ஆண்ட்ராய்டும் அதிலேயே அடங்கிவிடும்.

இனி உங்கள் ஸ்கிரிப்ட். அதற்குள் டெபியன், உபுண்டு என்று ஒரு பெயர்ப் பட்டியல் இருக்கும். ஈடிசி கோப்புறையில் உள்ள 'ஓஎஸ்-ரிலீஸ்' கோப்பின் 'ஐடி' வரியைப் படித்து, பட்டியலில் இல்லாத பெயர் என்றால் நின்றுவிடுகிறது. கிளைத்த இயங்குதளங்கள் தங்கள் மூலத்தைச் சொல்வதற்கென்றே 'ஐடி_லைக்' என்று இன்னொரு வரி உண்டு. உபுண்டு அதில் டெபியன் என்று எழுதிவைத்திருக்கிறது. அந்த வரியையும் பார்க்கும்படி ஸ்கிரிப்டைத் திருத்துங்கள். உங்கள் கணினியில் அந்த வரி இல்லையென்றால், பட்டியலில் பாஸையும் சேர்த்துவிடுங்கள். 'ஐடி' வரியையே டெபியன் என்று மாற்றிவைக்கும் குறுக்குவழிக்கு மட்டும் போகாதீர்கள். அந்தக் கோப்பை நம்பும் மற்ற கருவிகளெல்லாம் ஏமாறும்.

இன்னொன்று. ஒரு ஃபங்ஷன் இருக்கிறதா என்று அறிய இயங்குதளத்தின் பெயரைக் கேட்கவே கூடாது. சிறு சோதனை நிரலைக் கம்பைல் செய்து பார்ப்பதே சரியான வழி. ஆட்டோகான்ஃபும் சிமேக்கும் அதற்கான வசதியைத் தருகின்றன.

திருத்தம் வேலை செய்ததும் அதை அந்த மென்பொருளை எழுதியவர்களுக்கு அனுப்பிவையுங்கள். தமிழக அரசு 2011 முதல் வழங்கிய மடிக்கணினிகளில் பாஸ் வந்தது. இதே இடத்தில் முட்டி நிற்கும் இன்னொரு மாணவருக்கு உங்கள் திருத்தம் உதவும்.